பம்பர் கழற்றிய ஞாயிற்றுக்கிழமை

எங்கள் காருக்குப் பத்து வயதுக்கு மேல் ஆகிறது. அருப்புக்கோட்டை வெயிலில் நின்று நின்று அதன் ஹெட்லைட் கண்ணாடிகள் இரண்டும் மஞ்சள் பூத்துவிட்டன. போதாக்குறைக்கு வலது பக்க விளக்குக்குள் மழைத்தண்ணீர் வேறு புகுந்து, ஒருநாள் பந்தல்குடியிலிருந்து பொழுதடையத் திரும்பும்போது அது அணைந்தே போனது. ஒற்றை வெளிச்சத்தைப் பார்த்து பைக் வருகிறது என்று நினைத்த லாரிக்காரர் நடுரோட்டில் ஏறி வந்தார். என் கணவர் சட்டென்று ஒடித்து வண்டியை மண்ணில் இறக்கினார். கருவேல முள் கதவைக் கீறிக்கொண்டு போனது.

மறுநாள் இரண்டு விளக்குக்கும் புது செட் வாங்கி வந்தார். துணிக்கடை வைத்திருப்பவருக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம்.

"எல்லாம் வீடியோல இருக்கு. நீ போனை மட்டும் புடி" என்றார்.

ஞாயிறு காலை, வாசலில் வேலை தொடங்கியது. பேட்டரி வயரைக் கழற்றினார். பல்பு மாற்றுவதைப்போல முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். எங்கள் வண்டியில் ஹெட்லைட்டை எடுக்க முன்பக்க பம்பரையே கழற்ற வேண்டுமாம். கடைசி கிளிப் விட்டதும் பம்பர் பொத்தென்று சாக்குமேல் விழுந்தது. பழைய விளக்குகளையும் எடுத்தபிறகு வண்டியைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு அக்கா பால் வாங்கிக்கொண்டு வந்தார்.

"அய்யய்யோ! எங்கன மோதுச்சு?"

"மோதலக்கா. லைட்டு மாத்துறோம்."

நான் மறைக்கிறேன் என்றே நினைத்தார். "சரி தாயி, வண்டி போனா போகுது" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அந்த அக்காவின் தங்கை இருப்பது காரியாபட்டியில், என் அம்மா வீட்டுக்குப் பக்கத்துத் தெரு. பால் காய்ந்திருக்கக்கூட நேரம் இல்லை. வீடியோ ஓடிக்கொண்டிருந்த போனிலேயே அம்மாவின் அழைப்பு வந்தது. அழுதுகொண்டே, "மாப்பிள்ளைக்குக் கை ஒடிஞ்சிருச்சாமே?" என்றாள்.

நம்பவைக்க வேறு வழியில்லாமல் போனை என் கணவர் காதில் வைத்தேன்.

"அத்தே, நல்லாத்தான் இருக்கேன்."

"கையி எங்கய்யா இருக்கு?"

"லைட்டு ஓட்டைக்குள்ள மாட்டிக்கிருச்சு அத்தே, எடுத்துட்டுப் பேசுறேன்."

அதன்பின் அம்மாவைச் சமாதானப்படுத்த எனக்கு வெகுநேரம் ஆனது.

மதியத்துக்குமுன் வாசலில் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. எம்.ரெட்டியபட்டியிலிருந்து என் சின்ன மாமனார். என்னிடம் பேசுமுன்பே அம்மா அவருக்கும் போன் போட்டு அழுதிருக்கிறாள்; பருத்திக்காட்டில் நின்றவர் அப்படியே புறப்பட்டிருக்கிறார். வேட்டியில் செம்மண், கையில் ஆரஞ்சுப் பை. காரின் அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களைப் பார்த்ததும், "ஏய்யா!" என்று அலறிவிட்டார்.

கால்கள் ஆடின. என் கணவர் ஊர்ந்து வெளியே வந்தார். "வாங்க சித்தப்பா. என்ன இந்தப் பக்கம்?"

அவர் படியில் உட்கார்ந்து மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். கண்ணையும்தான். "உசுரக் கையில புடிச்சிக்கிட்டு வாரேன், என்ன இந்தப் பக்கமாம்ல!" என்று வைதார். எனக்குச் சிரிப்பு வந்தது. லாரி எதிரே வந்த கதையை அவரிடம்தான் முதன்முதலாகச் சொன்னேன்.

கேட்டவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "அப்ப மாத்த வேண்டியதுதான். நா எதப் புடிக்க?"

பம்பரை ஏற்றி மாட்ட ஒரு முனையில் அவர், மறுமுனையில் நான், நடுவில் கிளிப் அடிக்க என் கணவர். இடப்பக்கம் பொருந்தினால் வலப்பக்கம் பிதுங்கியது. உடைந்த கிளிப்புகளுக்குப் புதிது தேடி என் கணவர் டவுனைச் சுற்றி வந்து, ஒருவழியாக எல்லாம் உட்கார்ந்தபோது சாயங்காலமாகிவிட்டது.

விளக்கைப் போட்டோம். வெளிச்சம் நேராக எதிர்வீட்டு மாடிக்குப் போனது. அங்கே துணி எடுத்துக்கொண்டிருந்த அக்கா கண்ணைப் பொத்திக்கொண்டு, "எம்மாடி! அணைங்க, அணைங்க!" என்று கத்தினார். விளக்குக்குப் பின்னாலிருந்த திருகைத் திருப்பித் திருப்பி, வெளிச்சத்தைத் தரைக்கு இறக்கினோம்.

சின்ன மாமனாரைக் காரிலேயே கொண்டுபோய் விட்டோம். அவர் வீட்டு வாசலில் அக்கம்பக்கத்தினரோடு காத்திருந்த சின்ன மாமியார், என் கணவரின் இரண்டு கைகளையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு காரைப் பார்த்தார்.

"இதுக்குத்தானா இம்புட்டும்? எங்க, டிம்மு பிரைட்டு அடிச்சுக் காட்டு."

என் கணவர் அடித்துக் காட்டினார். தெருக்கோடி வேப்பமரம்வரை பளிச்சென்று தெரிந்தது. கூட்டத்தில் இருந்தவர்கள் இன்னொரு தடவை போடச் சொன்னார்கள்.