மொக்கம்மாள் ஊருக்குப் போன தீபாவளி

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பெட்ரோல் கிடைக்காததால் பஸ்ஸின் முதுகில் ஓர் இரும்பு உலையைக் கட்டி, கரியை எரித்து ஓட்டினார்கள். மதுரையிலிருந்து கம்பம் போகும் பஸ்ஸும் அப்படித்தான். தீபாவளிக்கு முந்தின நாள் காலையில் அது கிளம்பியபோது உள்ளே கால் வைக்க இடமில்லை.

அதில் மொக்கம்மாள் தன் புருஷன் செல்லப்பாண்டியோடு மார்க்கையன்கோட்டையில் இருக்கும் பிறந்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். வயது முப்பதைத் தொடவில்லை. அவன் மதுரையில் மில் வேலை பார்த்தான். அவள் இட்லிக் கடைக்கு மாவு ஆட்டிக் கொடுத்தாள். முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் கலைந்து போனது. அதற்குப் பிறகு வயிற்றில் எதுவும் தங்கவில்லை.

எதிரே பொட்டிப்புரத்து ஜக்கம்மாவும் அவள் வீட்டுக்காரர் அழகரும் உட்கார்ந்திருந்தார்கள். அழகருக்குக் கண்ணில் சதை வளர்ந்து, மதுரையில் அறுத்துக் கட்டுப் போட்டிருந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள்தான். ஆனால் செக்கானூரணி தாண்டுவதற்குள் மொக்கம்மாள் அவர்களோடு ஒட்டிக்கொண்டாள். உடுத்தியிருந்த சுங்குடிச் சேலையை ஜக்கம்மாவிடம் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். துணிக்கு இத்தனை பஞ்சமான காலத்தில் அவள் புருஷன் எங்கெங்கோ அலைந்து வாங்கி வந்ததாம். அவனுக்கு என்ன குழம்பு பிடிக்கும், தூக்கத்தில் என்ன உளறுவான் என்பதெல்லாம் சொல்லிச் சிரித்தாள். பொட்டலத்தைப் பிரித்து அவனுக்கு அதிரசம் கொடுத்தாள். அவன் வாங்கித் தின்றான். முகத்தைச் சன்னல் பக்கமே வைத்திருந்தான். கூச்சக்காரன் போலிருக்கிறது என்று ஜக்கம்மா நினைத்தாள்.

ஆண்டிபட்டிக் கணவாய் ஏற்றத்தில் பஸ் நின்றுவிட்டது. ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள். பிறகும் பஸ் மேலே ஏறவில்லை. உலையைச் சுத்தம் செய்து மறுபடி பற்றவைக்க வேண்டும், நேரமாகும் என்றார் டிரைவர். எல்லோரும் மரத்தடிகளில் போய் உட்கார்ந்தார்கள்.

செல்லப்பாண்டி அழகருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் மண்ணைக் கிள்ளிக்கொண்டிருந்தான். பிறகு அவர் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தான். ஊர் பேர் தெரியாத மனிதரிடம்தான் அதைச் சொல்ல அவனுக்கு வாய் வந்தது. தை மாதத்துக்கு அவன் அம்மா வேறு பெண் பேசி முடித்துவிட்டாள். மொக்கம்மாளைத் தீபாவளிச் சாக்கில் அவள் அப்பன் வீட்டில் விட்டுவிட்டு வந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. பிறகு ஆள் விட்டுச் சொல்லி, பெரியவர்களை வைத்துத் தீர்த்துவிடுவார்கள். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லத் தைரியமில்லை என்றான். அழகர் எழுந்துபோய் ஜக்கம்மாவிடம் சொன்னார்.

 அந்தப் பெண் வீட்டு வாசலில் போய்ச் சிரித்துக்கொண்டு நிற்கப்போகிறாளே, அதற்கு முன்னால் யாராவது சொல்ல வேண்டாமா என்று ஜக்கம்மாவுக்கு இருந்தது. தண்ணீர் மொண்டு வருவோம் என்று அவளை ஓடைப் பக்கம் கூட்டிப்போய், சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள்.

மொக்கம்மாள் செம்பைத் தண்ணீரில் அமிழ்த்தியபடியே இருந்தாள்.

"தெரியும்க்கா. நான் கேக்காம அவுக எனக்குச் சீல எடுத்ததே இல்ல, இந்தத் தடவ தானா எடுத்தாந்தாக. பெறகு, எங்கம்மா சீராக் குடுத்த பித்தளைக் குடத்தையும் எடுத்து வச்சுக்கன்னாக. தீபாவளிக்குப் போயிட்டுத் திரும்புறவ குடத்தத் தூக்கிட்டா போவா?"

"தெரிஞ்சுமா தாயி இப்பிடிச் சிரிச்சுக்கிட்டு வார?"

"மில்லுப் பக்கமும் ஊர்லயும் என்னையப் பிள்ள இல்லாதவளாத்தான் பாப்பாக. இந்த பஸ்ல யாருக்கும் ஒண்ணும் தெரியாது. ஒரு நாளு, புருசனோட நல்ல நாளுக்குப் போறவளாப் போயிருவோம்னு நெனச்சேன். நீங்க அவுககிட்ட எதுவும் கேட்டுறாதீகக்கா."

திரும்பி வந்து செம்புத் தண்ணீரை முதலில் புருஷனுக்குத்தான் கொடுத்தாள்.

பஸ் தேனிக்கு வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. வீரபாண்டியில் ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது. மொக்கம்மாள் அதைக் காட்டி, இந்த வருஷம் தண்ணீர் நல்லாயிருக்கு என்றாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

சின்னமனூரில் அவளுடைய பெட்டியையும் குடத்தையும் அவனே இறக்கி வைத்தான். உத்தமபாளையத்தில் மில் மேஸ்திரிக்குச் சொந்தக்காரர் ஒருவரைப் பார்க்க வேண்டியிருக்கிறது, பார்த்துவிட்டு நாளைக் காலையில் வந்துவிடுகிறேன் என்றான். சொல்லும்போது கண்டக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மீதி அதிரசத்தை அவன் கையில் கொடுத்தாள்.

"எங்கன இருந்தாலும் காலையில எண்ணெ தேச்சுக் குளிச்சிருங்க."

அவன் ஏறிக்கொண்டான். பஸ் போன பிறகும் கரிப்புகை அந்த இடத்தில் நின்றது.

அழகரும் ஜக்கம்மாவும் அங்கேயே இறங்கினார்கள்; அவர்களுக்காக வந்திருந்த மாட்டுவண்டி மார்க்கையன்கோட்டை வழியாகத்தான் போக வேண்டும். அவளையும் ஏற்றிக்கொண்டார்கள். வழி முழுவதும் அவள் அழுதாள். சத்தமில்லை, வண்டி குலுங்கும்போது மட்டும் தொண்டையிலிருந்து ஏதோ வந்தது. ஜக்கம்மா அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஊர் நெருங்கியதும் மொக்கம்மாள் வாய்க்கால் ஓரம் நிறுத்தச் சொல்லி, இறங்கி முகம் கழுவினாள். சேலை மடிப்பைச் சரி செய்தாள். வீட்டு வாசலில் அவள் அப்பா வந்து பெட்டியை வாங்கி, மாப்பிள்ளை எங்கே என்று கேட்டார். நாளைக்கு வருவாக என்றாள். அந்த வீடு தீபாவளியைக் குறையில்லாமல் கொண்டாடட்டும் என்று அவள் நினைத்தது ஜக்கம்மாவுக்குப் புரிந்தது. வண்டி நகர்ந்தது.

மறுநாள் பலகாரத்தை மூடி வைத்துக்கொண்டு மாப்பிள்ளைக்காகக் காத்திருந்தார்கள். பொழுது சாய்ந்த பிறகுதான் அவள் அம்மாவிடம் சொன்னாள். கார்த்திகை முடிவதற்குள் மதுரையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பெரியவர்கள் கூடிப் பேசித் தீர்த்துவிட்டார்கள். தாலியைக் கழற்றச் சொன்னபோது அவளே கழற்றிக் கொடுத்தாள். அப்பா கோவித்துக்கொண்டு அன்று சாப்பிடவில்லை. வேறு இடத்தில் கட்டிக்கொடுக்க இரண்டொரு முறை பேசினார்கள். அவள் சம்மதிக்கவில்லை. நடவுக்கும் களைக்கும் போனாள். பல வருஷம் கழித்து அப்பாவும் அம்மாவும் இறந்த பிறகும் அதே வீட்டில் தனியாகவே இருந்தாள்.

அந்தத் தீபாவளிக்கு அடுத்த வருஷம் ஆடிச் சனிக்கிழமை ஒன்றில் குச்சனூர் கோயிலுக்குப் போன ஜக்கம்மா, திரும்பும் வழியில் அவளைத் தேடிப் போனாள். மொக்கம்மாள் நடவில் இருந்தாள். கறுத்து மெலிந்திருந்தாள். வரப்பில் ஏறி வந்து, சேற்றுக் கையைக் கழுவிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். செல்லப்பாண்டியைப் பற்றி இருவரும் பேசவில்லை. அழகரின் கண் எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அன்னைக்கு பஸ்ல என்னையப் பாத்தப்ப, நல்லா வாழுறவ மாதிரித் தெரிஞ்சுச்சாக்கா?"

"தெரிஞ்சுச்சு தாயி," என்றாள் ஜக்கம்மா. "நான் அப்பிடித்தான் நெனச்சேன்."

மொக்கம்மாள் தலையாட்டினாள். வயலிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மறுபடி சேற்றில் இறங்கினாள்.