கோடில்லாத மூலை

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்து, ஓர் எட்டு பின்னால் போய்ப் பார்க்கிறார் ஓர் அம்மாள். பிறகு குனிந்து, அது நிற்கும் இடத்தைச் சுற்றி மஞ்சள் பெயின்ட்டால் கோடு இழுக்கிறார். "இனிமே நீ தொலைய மாட்டே," என்று துடைப்பத்திடமே சொல்லிவிட்டு நிமிர்கிறார்.

துணி காயப்போடும் கிளிப் செய்கிற தொழிற்சாலைக்கு அந்த அம்மாள்தான் மேனேஜர். ஆட்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் மஞ்சக்கோடு. தள்ளுவண்டிக்கு ஒரு கோடு, எண்ணெய்க் குப்பிக்கு ஒரு கோடு, ஸ்பேனர்களுக்கோ பலகையில் அவற்றின் உருவத்திலேயே கோடு. எதையும் யாரும் தேடக் கூடாது. "தேடுற நேரத்துல மெஷின் சும்மா நிக்கும். சும்மா நின்னா அதுக்கும் நம்மள மாதிரி ஊர்வம்பு பேசத் தோணும்."

கேட்டுக்கு அருகே தூங்கிய பூனையைச் சுற்றி ஒருநாள் கோடு போட்டுவிட்டாராம். அன்று முதல் அது வாலைக்கூட வெளியே நீட்டுவதில்லை. நான் போனபோது பார்த்தேன், வால் உள்ளேதான் இருந்தது. குட்டி போட்டதும் கோட்டை அகலப்படுத்தித் தரச் சொல்லி மேனேஜர் அறை வாசலில் வந்து கத்தியது என்பதை மட்டும் பாதிதான் நம்புகிறேன்.

வீட்டிலும் அதே கதை. சாவிக்கு ஒரு வட்டம், கணவரின் மூக்குக்கண்ணாடிக்கு ஒரு கட்டம். "நான் நடமாடிட்டே இருக்கறதால தப்பிச்சேன். செத்த நேரம் அசையாம உக்காந்தா என்னையும் சுத்திப் போட்ருவா," என்பார் கணவர். கண்ணாடியைத் தேடித் தாம் ஒருநாளும் அலைந்ததில்லை என்பதை அவர் சொல்ல மாட்டார்.

இப்படிப்பட்டவர், தொழிற்சாலையின் கடைசி மூலையில் மட்டும் கோடே போடவில்லை. அங்கே கையால் அழுத்தி பிளாஸ்டிக் வார்க்கும் சின்ன மெஷின் ஒன்று, ஒரு மேசை, அந்த மேசையே தெரியாத அளவுக்குக் கம்பியும் உடைசலும். புதிதாக ஏதாவது தோன்றினால், வெள்ளிக்கிழமை பிற்பகல் யாரும் அங்கே போய்ச் செய்து பார்க்கலாம். உடைக்கலாம், உருக்கலாம், கேள்வி கிடையாது. ஏன் கோடில்லை என்றால் பதில் தயாராக இருக்கும்: "எது எங்க இருக்கணும்னு தெரிஞ்சாத்தானே கோடு போட முடியும்? அங்க எங்களுக்கு இன்னும் ஒண்ணும் தெரியல."

அந்த மூலையின் நிரந்தரக் குடிமகன் நண்டு. கிளிப்பில் ஸ்பிரிங் மாட்டுகிற வரிசையில் வேலை. ஸ்பிரிங் துருப்பிடித்துத் துணியில் கறை விடுகிறதே என்று, ஸ்பிரிங்கே இல்லாத கிளிப் செய்யப் பார்க்கிறார். முதலில் செய்தது அவர் விரலையே கவ்விக்கொண்டு விடவில்லை. பெயர் வந்த வழி அதுதான். பிறகு செய்தவை கைக்குட்டையைக்கூடக் கவ்வவில்லை. "ரெண்டு பக்கமும் போய்ப் பாத்துட்டேன் மேடம், இனி நடுவுலதான் எங்கியோ இருக்கு," என்கிறார் நண்டு.

போன மாதம் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. கனத்த போர்வையையும் விடாமல் பிடிக்கும் அகலவாய்க் கிளிப், வழக்கத்தைப் போல் இரண்டு மடங்கு. கூடுதல் பேக்கிங் மேசை போட இடமில்லை. முதலாளி வயதில் சின்னவர். அப்பாவிடமிருந்து தொழிற்சாலையோடு மேனேஜரையும் சேர்த்துப் பெற்றவர். அவர் நேரே கடைசி மூலைக்குப் போய் நின்றார்.

"அக்கா, இதைக் காலி பண்ணிடலாம். இத்தனை வருஷத்துல இந்த மூலை போட்டது ஒரே ஒரு முட்டை."

"அந்த முட்டையத்தான் தம்பி இப்ப ரெண்டு மடங்கா வித்திருக்கீங்க. அகலவாய் எங்க பொரிஞ்சுதுன்னு நினைச்சீங்க?"

முதலாளி சிரித்தார், நகரவில்லை. "சரக்கு தேதிக்குப் போகலைன்னா ஆர்டர் கையை விட்டுப் போயிடும். பாதிப் பேருக்கு வேலை இருக்காது. வேற இடம் காட்டுங்க, அங்கயே மேசையைப் போட்டுக்கறேன்."

அளவு நாடாவை எடுத்துக்கொண்டு தளம் முழுக்க அளந்தார் மஞ்சக்கோடு. படிக்கட்டுக்கு அடியிலும் புகுந்து அளந்தார். அவர் போட்டிருந்த கோடுகளுக்கு நடுவே ஓர் எறும்பு போவதென்றாலும் ஒருக்களித்துத்தான் போக வேண்டும். முந்தானையில் ஒட்டியிருந்த ஒட்டடையைத் தட்டியபடி வெளியே வந்தார். "நீங்க சொல்றதுதான் சரி தம்பி," என்றார். அன்று மாலையே பேக்கிங் மேசை மூலைக்கு வந்தது. அதைச் சுற்றிக் கோடும் வந்தது.

நண்டு தம் உடைசல்களைச் சாக்கில் அள்ளினார். "குப்பையில கொட்டிடவா மேடம்?"

"அவசரப்படாதீங்க. சாக்கையும் சின்ன மெஷினையும் என் ரூம் வாசல்ல வைங்க."

மறுநாள் காலை முதலாளி வந்தபோது மேனேஜரின் அலமாரியும் நாற்காலியும் வெளியே நடையில் நின்றன; நண்டின் சாக்கும் சின்ன மெஷினும் அறைக்குள் போயிருந்தன. அறைக்குள் அந்த அம்மாள் முழங்காலிட்டு, தகட்டால் தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அவருடைய மேசையைச் சுற்றியிருந்த கோடு போயிருந்தது. நாற்காலிக் கால்களுக்குப் போட்டிருந்த நான்கு கட்டங்களில் மூன்றும் போயிருந்தன.

"அக்கா, அப்ப நீங்க எங்க உக்காருவீங்க?"

"அதான் எனக்கும் இன்னும் தெரியல," என்று சொல்லிவிட்டு, நான்காவது கட்டத்தில் தகட்டை வைத்து அழுத்தினார்.