வேகமான மெமரி வாங்கப் போன நாள்

ஐயம்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு தறியும் ஒரு கம்ப்யூட்டரும் இருக்கின்றன. தறி என் வீட்டுக்காரருடையது, கம்ப்யூட்டர் என்னுடையது. தறி சத்தம் போட்டால் எனக்கு நிம்மதி. கம்ப்யூட்டர் சத்தம் போட்டால் அந்த நிம்மதி போய்விடும்.

அந்த வாரம் தறி சும்மா இருந்தது, கம்ப்யூட்டர் இரைந்துகொண்டே இருந்தது. புடவை முந்தியின் படத்தைத் திறந்தால் போதும், திரையில் அந்த வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடும். நான் ஒரு கட்டம் நிறம் மாற்றுவேன், அது யோசிக்கும். இன்னொரு கட்டம் மாற்றுவேன், அப்படியே உறைந்துவிடும். ஒரு முழுக் காலை உட்கார்ந்து முந்தியில் வரும் யாளிக்குப் பிடரி போட்டேன். சேமிக்கப் போகும்போது எல்லாம் போய்விட்டது. மறுநாளும் அப்படியே.

வேறு சமயமாக இருந்தால் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன். இல்லை, பொய் சொல்லக் கூடாது, அப்போதும் பதறித்தான் இருப்பேன். ஆனால் இந்த முறை பதறக் காரணம் இருந்தது. அதுவரை நான் புட்டாப் பூவும் கரையும் மட்டும்தான் வரைந்திருந்தேன். முந்தியை வேறு யாராவது வரைவார்கள். எங்களுக்குப் பாவு நூலும் ஜரிகையும் கொடுக்கும் முதலாளி முதன்முறையாக, “இந்தத் தபா முந்தியும் நீயே போட்டுடும்மா. சனிக்கிழமைக்குள்ள குடு. ஆவலைன்னா சொல்லிடு, பழைய அட்டையையே மாட்டிக்கலாம்” என்று சொல்லியிருந்தார். நான் படத்தைக் கொடுத்தால்தான் அதைப் பார்த்து அட்டையில் துளை அடிப்பார்கள். அட்டையைத் தறிக்கு மேலே மாட்டினால்தான் படம் பட்டில் இறங்கும். என் முந்தியா, பழைய முந்தியா என்பதுதான் கேள்வி. இதற்குள் செவ்வாய்க்கிழமை ஆகிவிட்டது.

கைப்பேசியில் ஒருவர் பேசும் வீடியோவைப் பார்த்தேன். கம்ப்யூட்டர் இழுத்தால் வேகமான மெமரி போடுங்கள், பறக்கும் என்றார். பெட்டியின் மேல் பெரிய எண் போட்டிருந்தால் வேகம் அதிகமாம். விலையும் அதிகம்தான். அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். நான் படித்தது எட்டாவது வரைதான். கோர்வைத் தறியில் குறுக்கு இழையை ஓட்டும் பக்கத்து நாடாவைப் போட ஆள் வேண்டியிருந்தது, போய் உட்கார்ந்துவிட்டேன். அதனால் யாராவது எண்ணைச் சொல்லிப் பேசினால் உடனே நம்பிவிடுவேன். நம்பிய பிறகு சந்தேகப்படுவேன். இரண்டையும் ஒன்றாகவே செய்வேன் என்று வீட்டுக்காரர் சொல்வார்.

“இன்னாமே, மெசினைத் தூக்கிக்கினு கெளம்பிட்ட?” என்றார் அவர்.

“மெமரி மாத்தணுங்க. வேகமானதா.”

“மெசினுக்கு மெமரியா, உனுக்கா? நேத்து அடுப்புல பாலை வெச்சிட்டு எங்க போன?”

கம்ப்யூட்டர் பெட்டியைப் பழைய பருத்திப் புடவையில் சுற்றி, ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு காஞ்சிபுரம் போனேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் உடம்பைத் தூக்கிக் கொடுத்தேன். பெட்டி ஆடக்கூடாதே.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடிப்படிக்குக் கீழே ஒரு கம்ப்யூட்டர் கடை இருக்கிறது. கடைக்காரர் பாய் என்னைவிடப் பத்து வயது சின்னவர். பெட்டியைப் பார்த்ததும் சிரித்தார்.

“இன்னாக்கா, கல்யாணப் பொண்ணாட்டம் முக்காடு போட்டு இட்டாந்திருக்கீங்க?”

சீட்டை நீட்டினேன். படித்துப் பார்த்தார். பெட்டியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தார். அவர் நிமிர்வதற்குள் மெசின் செத்தே போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

“இந்த வேகம் இதுல ஓடாதுக்கா. உள்ள இருக்கிற போர்டுக்கு ஒரு அளவு இருக்குது. அதுக்கு மேல எவ்ளோ வேகமானதைப் போட்டாலும், போர்டு சொல்ற வேகத்துலதான் நடக்கும்.”

“பழசு ஒண்ணு இருக்கட்டும் பாய். பக்கத்துல புதுசு ஒண்ணு போட்டா?”

“ரெண்டும் சேந்து பழசோட வேகத்துல போவும்.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். நெய்கிறவர் உடலுக்கு நாடா விடுவார், பக்கத்தில் உட்காருகிறவர் கரைக்கு விடுவார். நெய்கிறவருக்குக் கை எவ்வளவு ஓடினாலும் பக்கத்துக் கை வந்து சேர்ந்தால்தான் அடுத்த இழை. கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் கை பறக்கும், என் கை நடக்கும். எத்தனை திட்டு வாங்கியிருப்பேன். கடைசியில் அவர்தான் வேகத்தைக் குறைத்துக்கொண்டார்.

“கோர்வை மாதிரின்னு சொல்லுங்க.”

“அதேதான். நானும் இந்த ஊர்க்காரன்தானேக்கா.”

ஆனால் என் மனது அவ்வளவு சுலபத்தில் அடங்காதே. வேறு ஒரு புழு குடைய ஆரம்பித்தது. கேட்டே விட்டேன். “ஸ்டாக்கு இல்லைன்னுதானே பாய் இப்படிச் சொல்றீங்க?”

வேறு யாராவது என்றால் கோபித்திருப்பார்கள். அவர் மேசை இழுப்பறையைத் திறந்து, நான் எழுதி வைத்திருந்த அதே எண் போட்ட பெட்டியை எடுத்து என் முன்னால் வைத்தார். “இதோ இருக்குது. விக்கத்தான் வாங்கி வெச்சிருக்கேன். உங்களுக்கு வேணாம்னு சொல்றேன்.”

வெட்கமாகப் போய்விட்டது.

பிறகு மெசினை ஒரு திரையோடு இணைத்து ஓட விட்டார். சட்டென்று எழுந்தது. முந்தியைத் திறந்தார். அதுவும் திறந்தது. யாளியின் வாலை இழுத்துப் பார்த்தார், திணறாமல் வந்தது. “நல்லாத்தானேக்கா ஓடுது?”

வீட்டில் அழுத பிள்ளை டாக்டரைப் பார்த்ததும் சிரித்த கதையாக இருந்தது. “வீட்ல இப்படி ஓடாது பாய். சத்தியமா.”

“சரி, வீட்ல எப்படி வேலை செய்வீங்களோ, அப்படியே செய்யுங்க.” நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

பர்ஸிலிருந்து இன்னொரு சீட்டை எடுத்தேன். அதில் பன்னிரண்டு பெயர்கள் இருந்தன. மேலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்தேன். மாங்காய்க் கரை. ருத்ராட்சக் கரை. சின்ன புட்டா. பாய்க்கு வந்த டீ ஆடை கட்டியது. எட்டாவதில் பெட்டிக்குள் காற்றாடி இரைய ஆரம்பித்தது. பன்னிரண்டாவதாக முந்தியைத் திறந்தேன். வந்தது வட்டம். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், நான் பொய் சொல்லவில்லை பாருங்கள் என்று.

“இந்தப் பதினொண்ணும் இன்னாதுக்கா?”

“நெய்ஞ்சி முடிச்ச புடவைங்க.”

“முடிஞ்சி போனதை எதுக்குத் தெறந்து வெக்கிறீங்க?”

அதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. எங்கள் தறியை ஒருநாளும் வெறுமனே விட மாட்டோம். கடைசிப் புடவையை அறுத்தெடுத்தாலும் பழைய பாவின் நுனி தறியிலேயே கிடக்கும். புதுப் பாவு வந்ததும் ஒவ்வொரு இழையையும் அந்தப் பழைய நுனியோடு முறுக்கிப் பிணைப்போம். நுனி போய்விட்டால் ஆயிரக்கணக்கான இழைகளையும் முதலிலிருந்து கோக்க வேண்டும். கம்ப்யூட்டரில் வேலை பழகியபோதும் என் கை அதையே செய்தது. பழைய படம் திறந்திருக்க வேண்டும், அதை ஒட்டித்தான் புதியதைத் தொடங்க வேண்டும். மூடினால் அறுந்துவிடும். மெசினை அணைப்பதே இல்லை, தூங்க வைப்பதோடு சரி. தானாக அணைந்த நாட்களில் எல்லாவற்றையும் மறுபடி திறந்து வைப்பேன். அதற்குத்தான் அந்தச் சீட்டு.

இதைத் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். பாய் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

“ஏங்க்கா, தறியில நுனிப் பாவைத்தானே விட்டு வெப்பீங்க? நெய்ஞ்ச புடவையை அறுத்து எடுத்துடுறீங்க இல்ல? பதினோரு புடவையையும் தறியிலயே சுத்தி வெச்சிக்கினு இருந்தா, பன்னெண்டாவது எங்கருந்து நெய்வீங்க?”

அவரே ஒவ்வொன்றாக மூடினார். ஒவ்வொன்றுக்கும் என் நெஞ்சு ஒரு முறை இறங்கியது. ஓரத்தில் இவ்வளவு மெமரி பிடித்திருக்கிறது என்று காட்டும் கோடும் கூடவே இறங்கியது. இரைச்சல் நின்றது. வட்டத்தைக் காணோம். மாங்காய்க் கரையை மறுபடி திறந்து காட்டினார். அது எங்கேயும் போகவில்லை, போட்டபடியே இருந்தது.

“மொதல்ல இந்த முந்தியை முடிங்க. அப்பவும் இழுத்துச்சின்னா இதே வேகத்துல இன்னொண்ணு பக்கத்துல போட்டுக்கலாம், அது ஒதவும். வேகமானது உங்களுக்கு தண்டம்.” பெட்டிக்குள் ஊதித் தூசி தட்டி மூடினார். காசு எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. மெசினை மறுபடி என் புடவையில் சுற்றிக் கையில் கொடுத்தார். என்னைவிட நன்றாகவே சுற்றினார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். “பால் பாத்திரத்தை மூட மாட்ட, பீரோவை மூட மாட்ட, இதை மட்டும் எப்படி மூடுவ?” என்றார். ஆனால் அடுத்த மூன்று நாட்களும் சமையல் அவர்தான். நான் உப்பில்லாத சாம்பாரைச் சாப்பிட்டு யாளிக்குப் பிடரி போட்டேன். ஒரே ஒரு பழைய படத்தை மட்டும் திறந்து வைத்திருந்தேன். நுனிப் பாவுக்கு அந்த ஒன்று போதும். மெசின் ஒரு முறையும் உறையவில்லை. வெள்ளிக்கிழமை மாலையே படத்தை முதலாளியிடம் கொடுத்துவிட்டேன். பார்த்துவிட்டு, “பிடரி நல்லா வந்திருக்குது” என்றார். அந்த ஒரு வார்த்தையை இன்றுவரை வைத்திருக்கிறேன்.

அட்டை வந்தது. புதுப் பாவைப் பிணைத்தோம். என் யாளி வரிசை வரிசையாகப் பட்டில் ஏறி வருவதைப் பக்கத்தில் உட்கார்ந்து, கரைக்கு நாடா போட்டுக்கொண்டே பார்த்தேன். என் கை இப்போதும் நடக்கத்தான் செய்கிறது. அவர் எனக்காகக் காத்திருந்து அடுத்த இழையை விட்டார்.

பாயின் கடையில் எதுவும் வாங்க வேண்டியிராத நாட்களிலும் அந்தப் பக்கம் போனால் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன். வேண்டாம் என்று சொல்லி அனுப்பிய கடை எனக்கு அது ஒன்றுதான்.

அந்தப் பாவின் கடைசிப் புடவை முடிந்த அன்று வீட்டுக்காரர் அதைத் தறியிலிருந்து அறுத்தெடுத்தார். நான் எழுந்து போய் முந்திப் படத்தை மூடினேன். கொஞ்ச நேரம் கழித்து, இருக்கிறதா என்று ஒரே ஒரு முறை திறந்து பார்த்தேன். இருந்தது.