கெரே கிராண்டைக் கட்டிய ராஜாக்கள்

"இந்தத் தூணப் பாருங்க சார். தொரை இதுல சாஞ்சிக்கினுதான் சாயங்காலம் ஏரியப் பாப்பாரு. ஒண்டியா நிப்பாரு. கண்ணுல தண்ணி ரொம்பும்."

கிருபாராணி தரை துடைக்கும் மாப்பைத் தூணில் சாய்த்துவிட்டுத் தன் கண்ணையும் ஒரு தரம் துடைத்துக்கொள்கிறார். கோயம்புத்தூரிலிருந்து வந்த விருந்தாளி, எதற்காக அந்த வெள்ளைக்காரர் அழுதார் என்று கேட்கிறார். கேட்காமல் போனவர் இதுவரை யாருமில்லை. "அது பெரிய கதைங்க சார்" என்று கிருபாராணி முழங்காலைத் தடவுகிறார். "உட்கார்ந்து சொல்லுங்கம்மா" என்கிறார் விருந்தாளி. நினைத்தது நடந்தது. கிருபாராணி வெல்வெட் சோபாவில் அமர்கிறார்.

மாநில எல்லையில், ஜூஜுவாடிப் பக்கம் ஏரியை ஒட்டி நிற்கிறது ஹோட்டல் கெரே கிராண்ட். கெரே என்றால் கன்னடத்தில் ஏரி. கறுப்புக் கிரானைட் தூண்கள், வளைந்து ஏறும் படிக்கட்டு, கூரையிலிருந்து தொங்கும் கண்ணாடி விளக்குக் கொத்து எல்லாம் பார்த்தால் இருநூறு வருஷத்துக் கட்டடம் என்று சத்தியம் செய்யலாம். உண்மையில் அதற்கு இருபது வயது கூட ஆகவில்லை. ஆனாலும் உள்ளே நுழைகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்து, யார் கட்டியது என்று கேட்கிறார்கள். கேட்கிற இடத்தில் தரை துடைத்துக்கொண்டிருப்பவர் கிருபாராணி.

வந்தவர் செல்போனில் பேசும் முதல் வார்த்தையிலேயே என்ன கதை என்று கிருபாராணி முடிவு செய்துவிடுவார். கன்னடம் என்றால் கட்டியவர் மைசூர் மகாராஜா. தெலுங்கு என்றால் குதிரையோடு ஏரிச்சேற்றில் மாட்டிக்கொண்டு, பிழைத்த இடத்திலேயே மாளிகை எழுப்பிய பாளையக்காரர். தமிழ் என்றால் காதலியைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டுத் தவித்த வெள்ளைக்காரத் துரை. மூன்று மொழியும் அவர் குடியிருக்கும் மூக்கண்டப்பள்ளித் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும்போதே வந்தவை. அவற்றில் அவருக்கு மிகவும் பிடித்த வார்த்தை ஒன்றுதான். கன்னடக்காரர் "கூத்கோம்மா" என்பார், தெலுங்குக்காரர் "கூர்ச்சோம்மா" என்பார். உட்காரச் சொல்வது எந்த மொழியிலும் இனிக்கத்தான் செய்கிறது.

ஏனென்றால் லாபியில் வேலையாட்கள் உட்காரக் கூடாது. விருந்தாளியே உட்காரச் சொன்னால் மட்டும் யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. கிருபாராணியின் முழங்கால்கள் இரண்டும் தேய்ந்தவை. ஐப்பசி மழையில் வலி கூடினால் மகாராஜாவுக்கு இன்னும் இரண்டு ராணிகள் வந்து சேருவார்கள். வலி இல்லாத நாளில் ஒரு வம்சமே மூன்று வாக்கியத்தில் மண்டையைப் போட்டுவிடும்.

ரிசப்ஷனில் இருக்கும் சுகுணா ஒருநாள் கேட்டாள், "ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போறீங்க, இப்பிடிப் புளுகுறது பாவமில்லியாக்கா?"

"புளுகுனா யாருக்குனா நஷ்டம் ஆவணும். இதுல யாருக்கு நஷ்டம்? ராஜாவுக்கு ஒரு பங்களா லாபந்தான."

நிஜக் கதையும் அவருக்குத் தெரியும். காவேரிப்பட்டினத்துக் கல்குவாரிக்காரர் நாராயணப்பன் ஒரு காலண்டர் படத்தைக் காட்டி, இதே மாதிரி வேண்டும் என்று மேஸ்திரியிடம் சொல்லிக் கட்டியது அது. அப்போது சாரத்தில் ஏறி இறங்கிக் கலவைச் சட்டி தூக்கிய சித்தாள்களில் கிருபாராணியும் ஒருவர். முழங்கால் போனது அங்கேதான். இதை ஏன் யாரிடமும் சொல்வதில்லை என்று கேட்டால் சிரிப்பார். "சித்தாளு கதைய எவன் உக்கார வெச்சிக் கேப்பான்?"

மேனேஜர் தினேஷ்குமாருக்கு இந்த சோபா தர்பார் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. "இன்னொரு கம்ப்ளைண்ட் வந்தா லாண்டரிதான்" என்று சொல்லியும்விட்டார். லாண்டரி கீழ்த்தளத்தில் இருக்கிறது. ஆவி, சத்தம், நாள் முழுக்க நின்றபடி வேலை. அங்கே விருந்தாளியும் வரமாட்டார், ராஜாவும் வரமாட்டார். அந்தப் பேச்சுக்குப் பிறகு கிருபாராணிக்கு உள்ளூரப் பயம்தான்.

கம்ப்ளைண்ட் போன ஆவணி முகூர்த்தத்தில் வந்தது. மாப்பிள்ளை வீடு கன்னடம், பெண் வீடு தெலுங்கு. சாப்பிட்டுவிட்டு லாபிக்கு வந்த மாப்பிள்ளையின் மாமா, எங்கள் மகாராஜா கட்டிய இடம் என்று பெருமையாகச் சொன்னார். பெண்ணின் சித்தப்பா, எங்கள் பாளையக்காரர் கட்டியது என்று மறுத்தார். வெற்றிலையை மென்றுகொண்டே ஆரம்பித்த பேச்சு, பெண் வீட்டார் மரியாதை தெரியாதவர்கள் என்பதுவரை ஏறிவிட்டது. யார் சொன்னது என்று கேட்டபோது இரண்டு விரல்களும் ஒரே ஆளை நோக்கி நீண்டன. தினேஷ்குமார் ஓடிவந்தார்.

கிருபாராணி மாப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னார். "எந்த ராஜாவும் கட்டலீங்க. நாராயணப்பன்னு ஒரு கல்லு குவாரிக்காரரு கட்டுனாரு. இந்தத் தூணுக்கு நாந்தான் கலவ சுமந்தேன்."

அதுவரை ஒத்துப்போகாத இரண்டு வீட்டாரும் அந்த நொடி ஒன்றுசேர்ந்து சிரித்தார்கள். "குவாரிக்காரன் கட்டினானாம்! இந்தம்மா சுமந்துச்சாம்!" கிருபாராணிக்கு முகம் எரிந்தது. இத்தனை வருஷம் சொன்ன பொய்யை எல்லாம் வாய் பிளந்து கேட்டவர்கள், ஒரே ஒரு நிஜத்துக்குச் சிரிக்கிறார்களே என்று அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

சோபாவின் ஓரத்தில் வேட்டியும் துண்டுமாக உட்கார்ந்திருந்த கிழவர் ஒருவர் தொண்டையைச் செருமினார். அவரைப் பார்த்ததும் தினேஷ்குமார் சட்டைப் பித்தானைச் சரிசெய்துகொண்டு விறைத்து நின்றார். ஹோட்டலை மகன் கையில் கொடுத்துவிட்டு, முகூர்த்த நாட்களில் மட்டும் கூட்டத்தைப் பார்க்க வந்து உட்காரும் நாராயணப்பன் அவர்தான். விருந்தாளிகளுக்கு அவர் யாரோ ஒரு பெரியவர். சிரிப்பு அவர் காதிலும் விழுந்திருந்தது. கிருபாராணியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"பயத்துல மாத்திச் சொல்லுது, வுடுங்க" என்றார் கடைசியில். "நீங்க ரெண்டு பேரு சொல்றதும் நெசந்தான். மகாராஜாவும் பாளையக்காரரும் சம்பந்திங்க. அவங்க வூட்டுக் கல்யாணத்துக்குத்தான் ரெண்டு பேருமா சேந்து இதக் கட்டுனாங்க."

மாமாவும் சித்தப்பாவும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "அப்படின்னா நாம ரெண்டாவது தடவை சம்பந்திங்க!" என்று மாமா சித்தப்பாவைக் கட்டிக்கொண்டார். பிறகு இருவரும் கிழவரை மொய்த்தார்கள். யார் வீட்டுப் பெண், எத்தனை யானை வந்தது, விருந்தில் என்ன பலகாரம்? நாராயணப்பன் விழித்தார். அவருக்குக் கல்லைத் தவிர வேறொன்றும் தெரியாது. கிருபாராணியைப் பார்த்துக் கையை விரித்தார்.

"மிச்சத்த நீயே சொல்லும்மா" என்று நகர்ந்து இடம் விட்டார்.

கிருபாராணி மூக்கை உறிஞ்சிக்கொண்டார். முந்தானையைச் சரிசெய்தார். சொட்டிக்கொண்டிருந்த மாப்பை, "இதக் கொஞ்சம் புடிங்க சார்" என்று தினேஷ்குமார் கையில் கொடுத்துவிட்டு, சோபாவின் நட்டநடுவில் உட்கார்ந்தார்.