புகைக்குழாயும் ஒரு கேன் நல்ல தண்ணீரும்

1. முதல் நாள்

ராமேசுவரம் துறைமுகத்துக்குப் பக்கத்துப் பட்டறையில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று என் மகளுக்கு ஏழு மாதம். விசைப்படகு இஞ்சின்களின் புகைக்குழாய்களைச் சரிசெய்து, பெயின்ட் அடித்துக் கொடுக்கும் பட்டறை அது. நான் வேதியியல் படித்தவள். எந்தக் குழாய்க்கு எந்தப் பெயின்ட் என்று முடிவு செய்து, நானே நின்று அடிப்பது என் வேலை. முதலாளி தொண்டிக்காரர். எல்லோரும் அவரைக் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

முதல் நாளே ஒரு குழாயை என் முன்னால் போட்டார். வெள்ளிப் பூச்சு பட்டை பட்டையாக உரிந்து தொங்கியது.

"இத அடிச்சது யாருங்கிற? நாந்தேன். டப்பாவுல சில்வர்னு போட்டிருந்துச்சு, அடிச்சுவிட்டேன். ஒரு நட கடலுக்குப் போய் வந்ததுக்கே இந்தக் கோலம். இனிமே நீ சொல்றதத்தான் அடிக்கணும்."

நான் சொன்னது சரியாகத்தான் இருந்தது. சாதாரண சில்வர் பெயின்ட் அந்தச் சூட்டுக்கு நிற்காது. இஞ்சினை ஒட்டிய குழாய்க்கு சிலிக்கான் அலுமினியம் வேண்டும். அறுநூறு டிகிரி வரை தாங்குவதாகப் பார்த்து வாங்க வேண்டும். மெல்லிசாக இரண்டு கோட் போதும். கெட்டியாக அடித்தால் சூட்டில் கொப்பளிக்கும். குழாயைப் படகில் மாட்டியதும் இஞ்சினைக் கொஞ்ச நேரம் மெதுவாக ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி கொஞ்சம் கூட்டி ஓட்ட வேண்டும். அப்போதுதான் பூச்சு வேகும். துத்தநாக பிரைமர் உப்புக்காற்றுக்கு நல்லதுதான். ஆனால் இஞ்சின் முனையில் போட்டால் அந்தச் சூட்டில் துத்தநாகமே உருகிவிடும். கேபினுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிக்கு மட்டும் போடலாம்.

இதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. டப்பாவோடு வரும் தாளில் கடைசிக்கு முந்தின வரியாக இன்னொன்றும் இருக்கும். பூசும் இடத்தில் உப்பு இருக்கக் கூடாது; இருந்தால் பூச்சுக்கு அடியில் துருவேறும்.

2. கழுவும் தண்ணீர்

இந்தத் தீவில் உப்பு இல்லாத இடம் எங்கே இருக்கிறது? மணல் அடித்துத் துருவை எடுத்த குழாயைக் காற்றில் வைத்தாலே உப்பு ஒட்டும். பட்டறையில் ஆழ்துளை போட்டு எடுக்கும் போர் தண்ணீரோ கையில் பட்டுக் காய்ந்தால் வெள்ளையாகப் பூக்கும். அதனால் கழுவுவதற்கென்று இரண்டு கேன் குடிதண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும் என்றேன். காக்கா சிரித்தார்.

"மனுசன் குடிக்கவே லாரி எப்ப வரும்னு பாத்துக்கிட்டுக் கெடக்கான். நீ இரும்பக் குளிப்பாட்டணுங்கிற."

ஆனாலும் வாங்கி வைத்தார். ஒரு குழாய்க்கு இரண்டு கேன். ஒன்று கழுவ, ஒன்று கடைசியாக அலச.

3. தடைக்காலம் முடிய மூன்று நாள்

மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கரையில் கிடக்கும். முதலில் வலை பார்ப்பார்கள், பிறகு பலகை, பிறகு இஞ்சின். புகைக்குழாயின் நினைப்பு கடைசியில்தான் வரும்.

அருளப்பன் அண்ணன் அப்படித்தான் வந்தார். விசைப்படகு டிரைவர். குழாயைத் தோளிலிருந்து இறக்கிவிட்டுச் சொன்னார்:

"தங்கச்சி, எம் பொண்டாட்டி கையவிட இவன் கையத்தான் நான் அதிகமாப் புடிச்சிருக்கேன். நல்லா பவுடர் போட்டு அனுப்பு."

படகு ஆடும்போது இஞ்சின் அறையில் பிடிமானத்துக்குக் குழாயின் வளைவைத்தான் பிடிப்பார்கள். மேலே கண்ணாடிநார்க் கயிறு சுற்றியிருப்பதால் கை சுடாது. செய்யக் கூடாத பழக்கம்தான். எல்லாப் படகிலும் உண்டு. நானும் சிரித்துவிட்டுக் குழாயை வாங்கி வைத்தேன்.

அந்த வாரம் மகளுக்கு வயிற்றுப்போக்கு. எங்கள் தெருவுக்கு இரண்டு நாளாகத் தண்ணீர் லாரி வரவில்லை. அண்ணன் குழாய் கொண்டுவந்த அன்று மதியம் அம்மா போன் செய்தாள்.

"கொதிக்க வச்சுக் குடுத்தாலும் கரிக்குதுடி. வாயில வைக்க மாட்டேங்கிறா. ஒதடு காஞ்சு போச்சு."

இருந்த இரண்டு கேனில் ஒன்றை எடுத்துக்கொள்ளட்டுமா என்று காக்காவிடம் கேட்டேன். "புள்ளைக்குத்தானம்மா, எடுத்துட்டுப் போ, இதெல்லாம் ஒரு கேள்வியா?" என்றார். ஸ்கூட்டியில் வைத்துக் கொண்டுபோனேன். அலசுவதற்குத் தண்ணீர் இருக்காது என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

திரும்பி வந்து, மீதி இருந்த ஒரு கேனால் குழாயைக் கழுவினேன். நேர்ப்பகுதியைக் கழுவி அலசி முடிக்கும்போதே தீர்ந்துவிட்டது. வளைவு பாக்கி. அருளப்பன் அண்ணன் வாசலில் நின்றார்.

"நாளைக்குக் காலையில சர்ச்சு சாமியார் படகு மந்திரிக்க வாராரு, தங்கச்சி. இஞ்சின் சத்தம் கேக்காம நின்னா ஊரே சிரிக்கும்."

வளைவைப் போர் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் இரண்டு முறை துடைத்தேன். காய்ந்தபோது வெள்ளைத் தடம் தெரிந்ததா? தெரியவில்லை என்று நினைக்கிறேன். அப்படித்தான் எழுத முடிகிறது. பெயின்ட் அடித்தேன். நான் அடித்ததிலேயே அழகாக வந்த குழாய் அது.

4. கார்த்திகை

அந்தக் கார்த்திகையில் ஒருநாள் அருளப்பன் அண்ணனின் படகு பாதியில் திரும்பி வந்தது. அலையில் படகு சாய்ந்தபோது அவர் வழக்கம்போல வளைவைப் பிடித்திருக்கிறார். கயிற்றுக்குள்ளேயே குழாய் நொறுங்கி, வலது கை கொதிக்கும் புகைக்குள் போய்விட்டது. ராமநாதபுரத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

உடைந்த குழாய் பட்டறைக்கு வந்தது. கயிற்றை நான்தான் பிரித்தேன். நேர்ப்பகுதியில் பூச்சு நேற்று அடித்ததுபோல இருந்தது. வளைவு முழுக்கக் கொப்புளம். விரலால் தொட்டதும் துரு செதில் செதிலாக உதிர்ந்தது.

"பழைய வளைவும்மா," என்றார் காக்கா. "ரெண்டு தடவ வெல்டிங் வச்சுப் பத்தவச்சது. எப்பிடியும் ஒருநாள் போயிருக்கும். நீ போட்டுக் கொழப்பிக்காத."

இருக்கலாம். அடிப்பதற்கு முன் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். சத்தம் கெட்டியாகத்தான் கேட்டது. அவசரத்தில் அப்படிக் கேட்டதாக எடுத்துக்கொண்டேனோ, தெரியவில்லை. உப்பா, பழைய இரும்பா என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. எனக்கு அது தெரியாமலே போகும்.

இரண்டு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். விரல்கள் மடங்கியபடி ஒட்டியிருந்தன. கியர் பிடிக்க ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"நேரா இருக்குற பக்கம் இன்னும் மின்னுதாமே," என்று சிரிக்கப் பார்த்தார்.

அப்போது சொன்னேன். கேன், மகள், போர் தண்ணீர், எல்லாவற்றையும். அவர் மனைவி ரோசி அக்கா தேநீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப, தெரிஞ்சேதான் அடிச்சியா?"

அண்ணன்தான் குறுக்கே கேட்டார்:

"புள்ளைக்கு இப்ப எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்காண்ணே."

அதைச் சொன்னபோது கூசியதுபோல நான் எதற்கும் கூசியதில்லை.

5. புதிதாக வருபவர்களுக்கு

பெயின்ட்டைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். பெயின்ட்டைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்தேன். நல்ல தண்ணீர் இல்லாத நாளில் எந்தப் பெயின்ட்டையும் தேர்ந்தெடுக்காதீர்கள். வாசலில் யார் நின்றாலும் சரி.

அந்தக் கேனை இன்றும் வீட்டுக்கு எடுத்துப் போவேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. திரும்பி வந்து, "தண்ணி இல்லண்ணே, நாளைக்கு வாங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். தடைக்காலம் முடிய இன்னும் மூன்று நாள் இருந்தது. மறுநாள் காலையில் லாரியும் வந்தது.