குழந்தைகளை ஊர்ப் பெயரால் கூப்பிட்ட வசந்தா அக்கா

வசந்தா அக்கா இன்று காலை போய்விட்டார்.

எங்கள் பழைய வார்டு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே ஒரு வரி. நெஞ்சு வலிக்கிறது என்றாராம். ஆட்டோ வந்து நிற்பதற்குள்...

நான் இங்கே கோயம்புத்தூரில், மகள் வீட்டில். அவளுக்கு மாதம் நெருங்கிவிட்டது, விட்டுவிட்டுக் கிளம்ப முடியாது. அதனால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

காரைக்கால் நண்பர்கள் சிலருக்கு அவரைத் தெரிந்திருக்கும். பச்சிளங்குழந்தை வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். குறைமாதத்தில் பிறந்தது, எடை இல்லாதது, மஞ்சள் காமாலை கண்டது எல்லாம் எங்களிடம்தான் வரும். நானும் அவரும் பல வருஷம் ஒரே டூட்டி.

அந்தக் குழந்தைகளுக்குப் பெயர் இருக்காது. அக்கா ஊர்ப் பெயரால்தான் கூப்பிடுவார். "கோட்டுச்சேரிக்குத் துணி மாத்தணும். அம்பகரத்தூர் பால் குடிச்சாச்சா?"

ஒரு தடவை அம்பகரத்தூரிலிருந்து இரட்டைக் குழந்தைகள். எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டேன். "இது கோயில் ஸ்டாப்பு, அது அடுத்த ஸ்டாப்பு." ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், மாஸ்க்குக்குள் சிரித்துக்கொண்டே போனார்.

இப்போது நினைத்துப் பார்த்தால் முதலில் வருவது திருவேட்டக்குடிதான்.

குறைமாதப் பெண் குழந்தை. உள்ளங்கையில் அடங்கும். அம்மாவுக்கு ரத்தப்போக்கு நிற்காமல் புதுச்சேரிக்கு அனுப்பிவிட்டார்கள், கூட அவருடைய அம்மா போனார். குழந்தையோடு மிஞ்சியது அப்பா மட்டும். கடலுக்குப் போகிறவர். வாட்டசாட்டமான ஆள், வார்டு வாசலிலேயே நிற்பார், உள்ளே வர மாட்டார்.

மூச்சு சீரானதும் குழந்தையை நெஞ்சோடு அணைத்துச் சூடு கொடுக்கலாம் என்றார் டாக்டர். கங்காரு முறை என்போம். அம்மா இல்லையென்றால் அப்பா.

பார்க்க வந்திருந்த அந்த ஆளின் தமக்கை குறுக்கே வந்தார். "அவன் கடலுக்குப் போறவன் சிஸ்டர். இதெல்லாம் அவனுக்கு வராது."

"அலையில படகப் புடிச்சு நிறுத்துறவருக்கு ஒரு புள்ளையப் புடிக்கத் தெரியாதா? நீங்க போய்க் குளிச்சிட்டு வாங்க தம்பி" என்றார் வசந்தா அக்கா.

குளித்துவிட்டு வந்தார். சட்டைப் பொத்தானைக் கழற்றவே அவ்வளவு கூச்சம். நெஞ்சில் குழந்தையைக் கவிழ்த்துப் படுக்கவைத்து, மேலே மெல்லிய துணியைச் சுற்றிக் கட்டினார் அக்கா. அந்த ஆள் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வியர்வை.

"என்ன தம்பி?"

"மூச்சு விடலாமா சிஸ்டர்?"

"நல்லா விடுங்க. அதுக்கும் சேத்து விடுங்க."

அன்று முதல் மனிதர் நகரவில்லை. படகு எல்லாம் போகிறது, வருகிறது... இவர் எங்கள் வார்டில் வெறும் மார்போடு. பக்கத்து வார்டுப் பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். முதலில் கூசினார், பிறகு அவர்களிடமே "சத்தம் போடாதீங்க, தூங்குது" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

இந்தப் பக்கம் அக்கா, சாப்பாட்டு நேரத்தில் தன் போனிலிருந்து அந்த அம்மாவைக் கூப்பிடுவார். ஒரே பேச்சுதான்.

"வலிச்சாலும் பாலக் கறந்துகிட்டே இரு. கீழ போனாலும் போவட்டும். வத்த மட்டும் உட்றாத."

அந்தப் பெண் பிழைத்து வந்தார். நேராக வார்டுக்குத்தான் வந்தார். குழந்தையைக் கையில் வாங்கியதும் அது வீறிட்டது. அப்பாவிடம் கொடுத்தால் அமைதி. மறுபடி அம்மாவிடம், மறுபடி அழுகை.

"எங்கிட்ட வர மாட்டேங்குது சிஸ்டர்... அதுக்கு என்னையத் தெரியல." அப்படி ஓர் அழுகை.

அக்கா அவருக்குச் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. அப்பாவைப் பார்த்து, "நீங்க சட்டையப் போட்டுக்கிட்டு டீ குடிச்சிட்டு வாங்க" என்றார். திரையை இழுத்துவிட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டார்.

நான் வெளியே வந்தபோது அந்த அப்பா வராந்தாவில் நின்றார். கையில் டீ, ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

"அழுவுதா?"

"இல்ல. குடிக்குது."

டீயை ஜன்னல் கட்டையில் வைத்தார். எல்லாப் பொத்தானும் போட்டிருந்தது... கை மட்டும் நெஞ்சின் மேலேயே இருந்தது.

எல்லாக் குழந்தையும் வீட்டுக்குப் போகவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

கோட்டுச்சேரிப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பம், மூத்த பிள்ளை. டாக்டர்கள் எவ்வளவோ பார்த்தார்கள். உயிர் போன பிறகு, தாய்க்குக் காட்ட வேண்டாம், பார்த்தால் தாங்க மாட்டாள் என்று உறவுக்காரர்கள் கையை நீட்டினார்கள். அக்கா கொடுக்கவில்லை.

"பத்து மாசமா சொமந்துருக்கா. ஒரு தடவ பாத்துக்கட்டும்ங்க."

வெந்நீரில் துடைத்து, புதுத் துணி சுற்றி, தாயின் மடியில் வைத்தார். அந்தப் பெண் ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். யாரும் அவசரப்படுத்தாதபடி அக்கா வாசலில் நின்றார்.

பிறகு ரொம்ப நேரம் குழாயடியில் கை கழுவினார்.

ரிட்டயர் ஆனபின் போனில்தான் பேச்சு. போன வாரம் கூப்பிட்டார். மகளைப் பற்றித்தான் எல்லாக் கேள்வியும். நானும் அதே வார்டில் இருந்தவள்தான், அவருக்கு அதெல்லாம் கணக்கில்லை.

"பொறந்த ஒடனே குளிப்பாட்டாதீங்கடி. ஒன் சம்பந்தி வீட்டுலயும் சொல்லி வை."

"சரிக்கா."

"சேனை தொட்டு வக்கிறது, சக்கரத்தண்ணி எதுவும் வேணாம். பால் மட்டும்."

"தெரியும்க்கா."

"தெரியும்னுதான் எல்லாரும் சொல்லுவீங்க. நானே வர்றேன் இரு. ட்ரெய்ன் எத்தன மணிக்குன்னு கேட்டுச் சொல்லு."

கேட்டு வைத்திருந்தேன் அக்கா. இன்று சொல்லலாம் என்று இருந்தேன்.

போய்ட்டு வாங்க...