திங்கட்கிழமைக்கு வைத்த அத்தியாயம்

எனக்கும் புத்தகத்துக்கும் ஏழாம் பொருத்தம். கள்ளிக்குப்பத்து வீட்டில் முப்பத்தெட்டு வருஷமாக எனக்கு ஒரு சக்களத்தி இருந்தாள் என்றால் அது என் வீட்டுக்காரர் கையிலிருந்த புத்தகம்தான். சாப்பிடும்போது புத்தகம், கக்கூஸுக்குப் போகும்போது புத்தகம். பஜ்ஜி மடித்து வந்த காகிதத்தைக்கூட எண்ணெயோடு பிரித்து வைத்துக்கொண்டு படிப்பார்.

"யோவ், பஜ்ஜி ஆறிப் போவுதுய்யா" என்று கத்துவேன்.

"இரு வசந்தா. இந்த ஆளு ஜெயிலுக்குப் போனானா இல்லியான்னு தெரில. மிச்சப் பேப்பர் எங்க கீது?"

மிச்சப் பேப்பரைத் தேடிக்கொண்டு பஜ்ஜிக் கடைக்கே திரும்பிப் போன மனிதர் அவர். முடிவு தெரியாமல் விட்டால் அவருக்குத் தூக்கம் வராது. இதை நான் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தேன். தெரிந்துதான் அதைச் செய்தேன்.

பரந்தாமன் என்று பெயர். ஆவடியில் டாங்கி செய்கிற தொழிற்சாலையில் முப்பத்து மூன்று வருஷம் ஃபிட்டர் வேலை. அம்பத்தூரில் ரயில் ஏறினால் அண்ணனூர் வருவதற்குள் எட்டுப் பக்கம் முடித்துவிடுவாராம். ஒருநாள் கதை சுவாரசியத்தில் ஆவடியில் இறங்க மறந்து திருநின்றவூர் வரைக்கும் போய், அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அதை வீட்டில் பெருமையாக வேறு சொன்னார். அன்றைக்கு நான் போட்ட சண்டையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் சொன்னது எதையும் சரி என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. அது என் பிறவிக் குணம்.

ரிட்டையர் ஆனதும் சர்க்கரை வியாதி தன் வேலையைக் காட்டியது. முதலில் கண் போனது. வெளிச்சம் தெரியும், எழுத்து தெரியாது. பிறகு கிட்னி. திங்கள், புதன், வெள்ளி காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். கையில் ஊசியைக் குத்தி, ரத்தத்தை வெளியே எடுத்து, கழுவித் திரும்ப ஏற்றும் மெஷினோடு நாலு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். நான் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து பூண்டு உரிப்பேன்.

நாலு மாதம் பொறுத்துப் பார்த்தார். ஆடி பிறந்த வாரம், ஒரு சனிக்கிழமை, சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுச் சொன்னார்.

"திங்கக்கெழமலேந்து நான் வர்ல வசந்தா. போதும்."

"வராம?"

"ஊட்லயே படுத்துக்குறேன்."

நிறுத்தினால் பத்து நாள் தாங்குவதே அதிகம் என்று நர்ஸ் ராதிகா முன்பே சொல்லியிருந்தாள். அவருக்கும் தெரியும். நான் திட்டினேன், அழுதேன். காட்டுப்பாக்கத்திலிருந்து மகள் லாவண்யா ஓடிவந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மனிதர் அசையவில்லை.

"நாலு மணி நேரம் மோட்டுவளையப் பாத்துகினு கெடன்றீங்க. எனக்கு அந்த மோட்டுவளகூடத் தெரிலியேம்மா" என்றார் மகளிடம்.

அது என்னைச் சுருக்கென்று தைத்தது. அவருடைய நூலக அட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கட்டடத்துக்குள் கால் வைத்தேன். அங்கிருந்த பெண்ணிடம், "பாதில வுட முடியாத கதையா ஒண்ணு குடும்மா" என்றேன். அவள் ஒரு தடிப் புத்தகம் கொடுத்தாள். அட்டை கிழிந்து பெயர் பாதிதான் இருந்தது.

"திங்கக்கெழம வா. நானே ஒனக்குக் கத படிக்கறேன். புடிக்கலன்னா நிறுத்திக்க" என்றேன் அவரிடம்.

"நீயா?" என்றார். அந்த வேடிக்கையைப் பார்க்கத்தான் வந்தார் என்று நினைக்கிறேன்.

நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் முதல் பக்கத்திலிருந்தே ஆரம்பித்தேன். முதற்பதிப்பு எந்த வருஷம், எத்தனை பக்கம், அச்சகம் எந்தத் தெரு என்று ரேஷன் கடையில் பெயர் வாசிப்பது மாதிரி வாசித்தேன். மெஷினோடு படுத்துக்கொண்டே அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நாலு மாதத்தில் முதல் சிரிப்பு.

"சிரிக்கிறதுன்னா நான் மூடி வெச்சுடுவேன்."

"ஐயோ, வேணாம்மே. அச்சாபீஸையும் படி, நல்லாத்தான் கீது."

கதை இதுதான். அகல்யா என்று ஒருத்தி. சண்டையில் புருஷனை 'எங்கேயாவது போய்த் தொலை' என்று சொல்லிவிடுகிறாள். அவனும் போய்விடுகிறான். இவள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒரு போட்டோவோடு ஊர் ஊராக அவனைத் தேடிப் போகிறாள். எனக்கு முதல் நாளே அகல்யாவைப் பிடித்துவிட்டது. நானும் அந்த வார்த்தையை எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

மெஷின் ஓடும்போது மட்டும்தான் இந்தக் கதை என்று சட்டம் போட்டேன். வீட்டில் கேட்டால் கிடையாது. வீட்டில் வேறு எது வேண்டுமானாலும் படிப்பேன். அந்த மாதம் நான் படித்ததைக் கேட்டால் நீங்களே சிரிப்பீர்கள். அலமாரியிலிருந்த கோழி வளர்ப்புக் கையேட்டைச் சாப்பாட்டு நேரத்தில் எடுத்து, கோழிக்குக் கழிச்சல் வந்தால் என்ன செய்வது என்று படித்தேன். நட்சத்திரங்களைப் பற்றி ஒன்று, லாவண்யாவின் பழைய பத்தாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகம், பேப்பரில் கண்ணீர் அஞ்சலிப் பக்கம். ஒரு கவிதைப் புத்தகமும் எடுத்தேன்.

"இன்னாய்யா இது, பாதி வரியிலயே நின்னு போவுது? அச்சுல வுட்டுப்போச்சா?" என்று கேட்டேன். இருமல் வரும்வரை சிரித்தார்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கும்போது அந்த முகத்தைப் பார்ப்பேன். முப்பத்தெட்டு வருஷம் புத்தகத்துக்குப் பின்னால் இருந்த முகம். இத்தனை நாள் அதை ஒழுங்காகப் பார்க்கவே இல்லையே என்று இருந்தது.

ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டில் தமிழரசுவுடையது. பூந்தமல்லியில் ஆட்டோ ஓட்டியவன், நாற்பது வயது. முதல் நாள், "யக்கா, மனசுக்குள்ள படிக்கா, தூங்க வுடு" என்றான். இரண்டாவது வாரம், "யக்கா, சத்தமாப் படிக்கா, மெஷின் சத்தத்துல காதுல வுழல" என்றான்.

நான் ஒவ்வொரு நாளும் அகல்யா ஏதாவது ஒரு கதவைத் தட்டும் இடமாகப் பார்த்து நிறுத்தினேன். என் வீட்டுக்காரர் முனகிக்கொண்டே அடுத்த முறைக்கு வந்தார். வந்தாரா இல்லையா! பத்து தடவை, பதினொரு தடவை வந்தார். புத்தகமோ தீர்ந்துகொண்டே வந்தது. முப்பது பக்கம் படித்தவள் இருபதாக்கினேன், அப்புறம் பதினைந்து.

"இன்னா, பக்கம் கொறஞ்சிகினே போவுது?"

"எழுத்து பொடிசா கீதுய்யா" என்று புளுகினேன்.

நாலாவது வாரம் வெள்ளிக்கிழமை. அகல்யா நாக்பூரில் ஒரு மில் வாசலில் போட்டோவை நீட்டுகிறாள். காவல்காரன் பார்த்துவிட்டு, "இங்கேயே நில்லும்மா" என்று உள்ளே போகிறான். அங்கே நிறுத்தினேன். மெஷினில் இன்னும் அரைமணி நேரம் பாக்கி இருந்தது.

அவர் கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கினார். மீதி இருந்த பக்கங்களைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துப் பார்த்தார். ஃபிட்டர் கை. தகட்டின் கனத்தைத் தொட்டே சொன்ன கை.

"பதினோரு பக்கம் கீது. அரை மணி நேர வேல. முடிச்சிடேன் வசந்தா."

"திங்கக்கெழம."

"அவன் அங்க இல்லமே. அவன் ஊட்டுக்குக் கெளம்பிட்டான். பூட்டுன ஊட்டு வாசல்ல குந்திகினு இவ வருவா வருவான்னு பாத்துகினு கீறான். படி, நான் சொன்னது சரியான்னு பாப்போம்."

"வாயக் கழுவுய்யா. பாவம், இவ்ளோ தூரம் வந்தவ புருஷனப் பாக்காமப் போவாளா? அவன் உள்ளதான் கீறான்."

"அப்ப படி."

"திங்கக்கெழம வா, படிக்கறேன்."

"வருவேன். நீ படி."

"வந்தாத்தான்."

புத்தகத்தைத் திருப்பி என் மடியில் வைத்தார். பிறகு, "ராட்சசி" என்று சொல்லிச் சிரித்தார். தமிழரசுவும் சேர்ந்து கெஞ்சினான். நான் மசியவில்லை. ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

சனிக்கிழமை இரண்டு தடவை கேட்டார். லாவண்யா வந்தால் படிக்கச் சொல்லிவிடுவார் என்று புத்தகத்தை அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், "வசந்தா" என்று கூப்பிட்டார். புத்தகத்துக்குத்தான் அடி போடுகிறார் என்று நினைத்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், "நாளைக்கி" என்றேன்.

டம்ளரை எடுத்துக்கொண்டு வந்தபோது தலை சாய்ந்திருந்தது. ஹார்ட் நின்றுவிட்டது என்றார்கள். அவருக்கு நான் கடைசியாகச் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான். நாளைக்கி.

காரியமெல்லாம் முடிந்தது. எல்லாரும், "கடைசிவரைக்கும் எப்பிடிப் பாத்துக்கினே" என்று என்னை மெச்சினார்கள். எனக்கு மட்டும்தான் தெரியும் அரிசி டிரம்முக்குள் என்ன இருக்கிறது என்று. பதினோரு பக்கம். அரை மணி நேரம். கொடுத்திருக்கக் கூடாதா, பாவி நான்?

நூலகத்துத் தவணை தாண்டிப் போயிருந்தது. அந்தக் கடைசி அத்தியாயத்தை நானும் பிரிக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஆஸ்பத்திரியில் அவருடைய போர்வை கிடந்தது, போகிற வழியில் அதை வாங்கிக்கொள்ளப் போனேன். அவர் கட்டிலில் வேறொருவர் தூங்கிக்கொண்டிருந்தார். தமிழரசு என்னைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"யக்கா, தப்பா நெனச்சுக்காத. கேக்கக் கூடாதுதான்... அந்தம்மா புருஷனப் பாத்துச்சா?"

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. நாலு வார்த்தை கேட்டுவிட வாயைத் திறந்தேன். கையில் ஊசியோடு, அசைய முடியாமல், இவனும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். இவனுக்கு நாளைக்கு என்று நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, புத்தகத்தைப் பிரித்தேன்.

காவல்காரன் அவள் புருஷன் விட்டுப்போன ஒரு தகரப் பெட்டியோடு வெளியே வருகிறான். அந்த ஆள் கணக்குத் தீர்த்துக்கொண்டு ஊருக்குப் போய்ப் பத்து நாளாகிறது என்கிறான். அங்கேயே நிறுத்திவிட்டேன். ராதிகா தண்ணீர் கொடுத்தாள். மறுபடி படித்தேன். அகல்யா மூன்று ரயில் மாறி ஊருக்கு வருகிறாள். தெருவில் திரும்புகிறாள். பூட்டிய வீட்டு வாசலில், முழங்காலைக் கட்டிக்கொண்டு அவன் உட்கார்ந்திருக்கிறான்.

"அண்ணன் அன்னிக்கே சொன்னாரேக்கா" என்றான் தமிழரசு.

தமிழரசுவின் மெஷின் நின்ற பிறகும் நான் நிறுத்தவில்லை. கடைசி வரி வரைக்கும், பின்னட்டையில் இருந்த அச்சகத்துப் பெயர் வரைக்கும் படித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

புத்தகத்தை நூலகத்தில் கொடுத்துவிட்டு, போர்வையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தேன். எங்கள் தெருமுனை திரும்பும்போது, பைத்தியக்காரி நான், வாசலைப் பார்த்தேன். பூட்டு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் திறக்கக் கை வரவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, முப்பத்தெட்டு வருஷத்தில் முதல்முறையாகச் சொன்னேன்.

"நீ சொன்னதுதான்யா சரி."